நிலவுக்குச் செல்லும் வழி: ராக்கெட்டின் பதினேழு நிமிட வேலை

நிலவுக்கு விண்கலத்தையும் மனிதர்களையும் ராக்கெட் எப்படிக் கொண்டுசெல்கிறது, காற்றே இல்லாத வெளியில் அது எதை உதைத்து முன்னேறுகிறது, அப்பல்லோ வீரர்கள் மூன்றே நாளில் எட்டிய நிலவை எட்டச் சந்திரயான்-3 ஏன் மூன்று வாரத்துக்கும் மேல் எடுத்துக்கொண்டது என்று கேட்டிருக்கிறீர்கள். இவை மூன்று கேள்விகள் போலத் தோன்றினாலும் மூன்றுக்கும் விடை ஓரிடத்தில்தான் இருக்கிறது. ராக்கெட் என்பது ஆளையும் சரக்கையும் ஏற்றிக்கொண்டு சேரும் ஊர் வரை ஓடும் பேருந்து அன்று. அதை விடக் கவணுக்கு ஒப்பிடுவது பொருந்தும். கவண் கல்லோடு பறந்து போவதில்லை; தேவையான வேகத்தையும் திசையையும் கல்லுக்குக் கொடுத்துவிட்டு அதன் வேலை முடிந்துவிடுகிறது.

1969 ஜூலை 16 அன்று அமெரிக்காவின் கென்னடி விண்வெளி மையத்திலிருந்து அப்பல்லோ 11 விண்கலத்தை ஏற்றிக்கொண்டு கிளம்பிய சாட்டர்ன் 5 ராக்கெட்டின் கணக்கைப் பாருங்கள். அதன் மூன்று அடுக்குகளும் சேர்ந்து எஞ்சினை இயக்கிய நேரம் மொத்தம் ஏறத்தாழ பதினேழு நிமிடம்தான். அதற்குப் பிறகு நிலவை நெருங்கும்வரை மூன்று நாள் பயணத்தில் பாதையைத் திருத்துவதற்காக விண்கலம் தன் முதன்மை எஞ்சினை மூன்றே வினாடி இயக்கியது. மற்ற நேரமெல்லாம் அது வெறுமனே போய்க்கொண்டிருந்தது. இயற்பியலின் மொழியில் சொன்னால், பூமியின் ஈர்ப்புக்கும் நிலவின் ஈர்ப்புக்கும் உட்பட்டு விழுந்துகொண்டிருந்தது. ஆகவே நிலவுப் பயணத்தின் கடினம் முழுவதும் அந்தச் சில நிமிடங்களுக்குள் எவ்வளவு எடைக்கு எவ்வளவு வேகத்தைக் கொடுக்க முடிகிறது என்பதில்தான் அடங்கியிருக்கிறது.

முதலில் அந்த உதைக்கும் கேள்வியை முடித்துவிடலாம். குளத்தில் மிதக்கும் தெப்பத்தின் மேல் நின்றுகொண்டு ஒரு மூட்டைத் தேங்காயை ஒவ்வொன்றாகப் பின்பக்கம் வேகமாக வீசினால் தெப்பம் மெல்ல முன்னே நகரும். வீசிய தேங்காய் கரையில் மோதுகிறதா, நீரில் விழுகிறதா என்பதற்கும் தெப்பம் நகர்வதற்கும் தொடர்பில்லை. கையை விட்டுத் தேங்காய் கிளம்பிய கணத்திலேயே எதிர்விசை கிடைத்துவிட்டது. ராக்கெட் வீசுவது தேங்காயை அன்று, எரிந்த வாயுவை. அந்த வாயுவைத் தள்ளும் வினைக்கு எதிர்வினையாகவே அது முன்னேறுகிறது. சுற்றிலும் காற்று இருந்தால் அது வாயு வெளியேறுவதற்குத் தடைதான். அதனால் ஒரே எஞ்சின் தரைமட்டத்தில் கொடுப்பதை விட வெற்றிடத்தில் அதிக உந்துவிசை கொடுக்கிறது. இதில் பெரியவர்களே தடுமாறியிருக்கிறார்கள். திரவ எரிபொருள் ராக்கெட்டின் முன்னோடியான ராபர்ட் கோடார்டு, ராக்கெட்டால் நிலவை எட்ட முடியும் என்று எழுதியதை 1920 ஜனவரியில் நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் தன் தலையங்கப் பக்கத்தில் எள்ளி நகையாடியது. வெற்றிடத்தில் உதைப்பதற்கு எதுவுமில்லை என்பது அதன் வாதம். அப்பல்லோ 11 கிளம்பிய மறுநாள், 1969 ஜூலை 17 அன்று, அந்த நாளிதழ் தன் தவற்றை ஒப்புக்கொண்டு ஒரு சிறு திருத்தம் வெளியிட்டது. அப்போது கோடார்டு உயிரோடில்லை.

சாட்டர்ன் 5 ராக்கெட்டின் முதல் அடுக்கிலிருந்த ஐந்து எஃப்-1 எஞ்சின்கள் வினாடிக்கு ஏறத்தாழ 13 டன் மண்ணெண்ணெயையும் திரவ ஆக்சிஜனையும் எரித்து, அந்த வாயுவை வினாடிக்கு 2.6 கி.மீ. வேகத்தில் கீழ்நோக்கி வீசின. இவ்விரண்டையும் பெருக்கினால் கிடைக்கும் உந்துவிசை ஏறத்தாழ 3,400 டன் எடையைத் தாங்கக்கூடியது. ராக்கெட்டின் எடை 2,900 டன்னுக்கும் மேல். எஞ்சியிருந்த அந்தச் சிறிய உபரி விசையால்தான் 110 மீட்டர் உயர ராக்கெட் எழுந்தது. ஏவுதளக் கோபுரத்தைத் தாண்டவே பத்து வினாடிக்கு மேல் ஆயிற்று. காணொளிகளில் அது அவ்வளவு நிதானமாக எழுவது படச்சுருளை மெதுவாக ஓட்டியதால் என்று பலர் நினைப்பதுண்டு. உண்மையிலேயே அப்படித்தான் எழுந்தது.

இனி எடைக் கணக்குக்கு வருவோம். இதைப் புரிந்துகொண்டால் மற்றவை தாமாகவே விளங்கும் என்பதால் சற்று நிதானமாகவே சொல்கிறேன். ரஷ்யப் பள்ளி ஆசிரியரான கான்ஸ்டன்டின் சியோல்கோவ்ஸ்கி 1903ஆம் ஆண்டு வெளியிட்ட சமன்பாடு கூறுவது இது: ஒரு ராக்கெட் எவ்வளவு வேகம் பெறும் என்பது, வாயு வெளியேறும் வேகத்தையும், தொடக்க எடைக்கும் எரிபொருள் தீர்ந்தபின் எஞ்சும் எடைக்கும் உள்ள விகிதத்தையும் மட்டுமே பொறுத்தது. வாயு வினாடிக்கு 3 கி.மீ. வேகத்தில் வெளியேறுகிறது என்று வைத்துக்கொண்டால், ராக்கெட் தன் எடையில் பாதியை எரித்துத் தள்ளும்போது அதற்குக் கிடைக்கும் வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 2.1 கி.மீ. மீதியிருப்பதில் மறுபடி பாதியை எரித்தால் மேலும் ஒரு 2.1 கி.மீ. கூடும். பூமியைச் சுற்றும் தாழ்ந்த பாதையில் நிலைபெற வினாடிக்கு 7.8 கி.மீ. வேகம் வேண்டும், மேலேறும்போது ஈர்ப்பும் காற்றும் விழுங்குவதைச் சேர்த்தால் 9.4 கி.மீ. அளவுக்குச் செலவழிக்க வேண்டும். அங்கிருந்து நிலவை நோக்கித் திரும்ப இன்னும் 3.1 கி.மீ. வேண்டும். ஆக மொத்தம் 12.5 கி.மீ. அதாவது ஆறு முறை பாதியாக்க வேண்டும். சதுரங்கக் கட்டத்தில் நெல் வைக்கும் பழைய கதையைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டது போன்ற கணக்கு இது: இரண்டில் ஒன்று, நான்கில் ஒன்று, எட்டில் ஒன்று என்று போய், கடைசியில் 64இல் ஒரு பங்குதான் மிஞ்சுகிறது.

அந்த ஒரு பங்கு முழுவதும் விண்கலமாக இருந்தாலும் பரவாயில்லை. ஆனால் காலியான தொட்டிகளும் எஞ்சின்களும் அதில்தானே அடக்கம்? சாட்டர்ன் 5 ராக்கெட்டின் முதல் அடுக்கு எரிபொருளோடு ஏறத்தாழ 2,280 டன். காலியாக 130 டன். வெற்றுக்கூடு மட்டுமே இருபதில் ஒரு பங்குக்கு மேல் வருகிறது. 64இல் ஒரு பங்குக்குள் அதை எப்படி அடக்குவது? அடக்க முடியாது. ஒரே உடலாகக் கட்டிய ராக்கெட், மண்ணெண்ணெயை எரித்து நிலவுக்கு ஒரு குண்டூசியைக்கூட அனுப்ப முடியாது என்று கணக்கே சொல்லிவிடுகிறது. இதிலிருந்து தப்ப இரண்டு வழிகள் இருந்தன. சாட்டர்ன் இரண்டையும் கையாண்டது.

முதல் வழி, காலியானதைச் சுமக்காமல் கழற்றிவிடுவது. முதல் அடுக்கு இரண்டரை நிமிடத்துக்குச் சற்று அதிகமாக எரிந்து, ராக்கெட்டை ஏறத்தாழ 67 கி.மீ. உயரத்துக்குக் கொண்டுசென்று, வினாடிக்கு 2.7 கி.மீ. வேகத்தையும் கொடுத்துவிட்டுப் பிரிந்து அட்லான்டிக் கடலில் விழுந்தது. அதன் 130 டன் கூட்டை மேலும் ஓர் அங்குலம்கூட யாரும் இழுக்கவில்லை. இரண்டாவது வழி, வாயு வெளியேறும் வேகத்தைக் கூட்டுவது. இரண்டாம், மூன்றாம் அடுக்குகளில் மண்ணெண்ணெய்க்குப் பதிலாகத் திரவ ஹைட்ரஜன் இருந்தது. ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் எரியும்போது வாயுவின் வேகம் வெற்றிடத்தில் வினாடிக்கு 4 கி.மீட்டரைத் தாண்டுகிறது, ஒவ்வொரு பாதியாக்கலுக்கும் 2.1 கி.மீ. கிடைத்த இடத்தில் 2.9 கி.மீ. கிடைக்கிறது.

அப்படியானால் முதல் அடுக்கிலும் ஹைட்ரஜனையே நிரப்பியிருக்கலாமே என்ற ஐயம் எழும். திரவ ஹைட்ரஜன் ஒரு லிட்டர் வெறும் 71 கிராம். அந்த அளவு எரிபொருளை அடைக்க ராக்கெட் பிரம்மாண்டமாகப் பருத்துவிடும். அது திரவமாக இருக்க மைனஸ் 253 டிகிரி செல்சியஸ் குளிர் வேண்டும். அந்தக் குளிரில், தொட்டியின் சுவரில் படும் காற்றே உறைந்துவிடும். தரையிலிருந்து கிளம்பும்போது தேவைப்படுவது முரட்டு பலம், மேலே போனபின் தேவைப்படுவது சிக்கனம் என்று புரிந்துகொண்டு ஒவ்வோர் அடுக்குக்கும் ஒரு எரிபொருளைத் தேர்ந்ததில்தான் சாட்டர்னை வடிவமைத்தவர்களின் கெட்டிக்காரத்தனம் இருக்கிறது. சோவியத் யூனியன் தன் என்-1 ராக்கெட்டின் முதல் அடுக்கில் முப்பது எஞ்சின்களை வைத்து, எல்லா அடுக்குகளிலும் மண்ணெண்ணெயையே எரித்தது. 1969 முதல் 1972 வரை நான்கு முறை ஏவப்பட்ட அந்த ராக்கெட் நான்கு முறையும் முதல் அடுக்கு எரிந்துகொண்டிருக்கும்போதே தோல்வியுற்றது. அவற்றுள் 1969 ஜூலை 3 அன்று நடந்தது ஏவுதளத்தையே அழித்துவிட்டது. முப்பது எஞ்சின்களை ஒருசேரத் தரையில் இயக்கிப் பார்க்க வசதி செய்யாமல் நேராகப் பறக்கவிட்டதுதான் அதில் பெரிய பிழை என்பது என் கருத்து.

ராக்கெட் நிமிர்ந்தபடியே நிலவை நோக்கிப் போவதில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். எழுந்த சிறிது நேரத்திலேயே அது கிழக்கு நோக்கிச் சாயத் தொடங்குகிறது. உயரம் மட்டும் போதாது, நூறு கி.மீ. உயரத்துக்குப் போய் எஞ்சினை நிறுத்தினால் கல்லைப் போலத் திரும்பி விழ வேண்டியதுதான். பக்கவாட்டில் வினாடிக்கு 7.8 கி.மீ. வேகம் இருந்தால், விழும் அளவுக்குப் பூமியின் பரப்பும் வளைந்து கீழே போய்க்கொண்டே இருப்பதால், விழுந்தும் தரையைத் தொடாமல் சுற்றிவரலாம். கிழக்கு நோக்கி ஏவுவதற்குக் காரணம் பூமியின் சுழற்சி. நிலநடுக்கோட்டில் தரை வினாடிக்கு 465 மீட்டர் வேகத்தில் கிழக்கே நகர்கிறது. ஸ்ரீஹரிகோட்டாவில் அது ஏறத்தாழ 450 மீட்டர், கென்னடி மையத்தில் 410 மீட்டர். ஏவும்போதே கிடைக்கும் இந்த இலவச வேகத்தை யாரும் விட்டுவிடுவதில்லை.

அப்பல்லோ 11 கிளம்பிய பன்னிரண்டு நிமிடத்துக்குள் ஏறத்தாழ 185 கி.மீ. உயரச் சுற்றுப்பாதையை அடைந்தது. உடனே நிலவை நோக்கிப் பாயாமல் அங்கே பூமியை ஒன்றரை முறை சுற்றியது. கருவிகள் அனைத்தும் சரியாக இருக்கின்றனவா என்று பார்க்க அவகாசம் கிடைத்தது. நிலவை நோக்கிக் கிளம்ப வேண்டிய சரியான புள்ளி வரும்வரை காத்திருக்கவும் முடிந்தது. பிறகு மூன்றாம் அடுக்கின் எஞ்சினை மறுபடி மூட்ட வேண்டும். எடையின்மையில் திரவ ஹைட்ரஜன் தொட்டியின் அடியில் தங்காமல் உருண்டைகளாக மிதக்கக்கூடும்; எஞ்சின் அதை உறிஞ்சும்போது ஆவியை உறிஞ்சிவிட்டால் பம்பு பழுதாகிவிடும். அதனால் முதலில் ஒரு மெல்லிய உந்துதலைக் கொடுத்து, திரவத்தைத் தொட்டியின் அடிக்குத் தள்ளி, அதன் பிறகே எஞ்சினை மூட்டினார்கள். ஆறு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவாக அது எரிந்தபின் வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 10.8 கி.மீ. ஆகியிருந்தது. 2,900 டன்னில் நிலவை நோக்கித் தன்வழியே போகும்படி அனுப்பப்பட்ட விண்கலத்தின் எடை, மூன்று வீரர்களோடு சேர்த்து, ஏறத்தாழ 44 டன்.

நிலவுக்குப் போகப் பூமியின் விடுபடு வேகமான 11.2 கி.மீட்டரை எட்டியே ஆக வேண்டும் என்று பள்ளியில் படித்த நினைவில் பலர் சொல்வார்கள். அந்த எண் தரைமட்டத்துக்கு உரியது, உயரம் கூடக்கூடக் குறையும். மேலும் நிலவே பூமியின் பிடிக்குள்தான் சுற்றிவருகிறது என்பதால், அதை எட்டப் பூமியிலிருந்து முழுதாக விடுபட வேண்டியதில்லை. அப்பல்லோ சென்றது மிக நீண்டதொரு நீள்வட்டத்தில். இடையில் நிலவு குறுக்கிடாவிட்டால் அது திரும்பிப் பூமிக்கே வந்துவிடும்.

10.8 கி.மீ. வேகம் குறையாமல் இருந்திருந்தால் 3,84,400 கி.மீ. தூரத்தைப் பத்து மணி நேரத்தில் கடந்திருக்கலாம். மூன்று நாள் ஆனதற்குக் காரணம், மேல்நோக்கி எறிந்த பந்தைப் போல விண்கலத்தின் வேகம் குறைந்துகொண்டே போனதுதான். நிலவை எட்ட இன்னும் ஏறத்தாழ 60,000 கி.மீ. இருக்கும் இடத்தில் பூமியைப் பொறுத்து அதன் வேகம் வினாடிக்கு 0.9 கி.மீ. மட்டுமே. அதற்கப்பால் நிலவின் ஈர்ப்பு மேலோங்கி, வேகம் மறுபடி கூடத் தொடங்குகிறது. இதற்கிடையே நிலவும் வினாடிக்கு 1 கி.மீ. வேகத்தில், நாளொன்றுக்கு வானத்தில் 13 டிகிரி நகர்ந்துகொண்டிருக்கிறது. ஆகவே குறி வைப்பது நிலவு இருக்கும் இடத்துக்கு அன்று, மூன்று நாள் கழித்து அது வந்து சேரப்போகும் இடத்துக்கு. வெயில் படும் பக்கம் மிகச் சூடாகவும் நிழல் பக்கம் மிகக் குளிராகவும் ஆகிவிடாமல் இருக்க விண்கலத்தைச் சுட்டெடுக்கும் கோழியைப் போல மெல்லச் சுழலவிட்டார்கள். ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ இருபது நிமிடம்.

நிலவை அடைந்தாலும் அது தானாகப் பிடித்து வைத்துக்கொள்ளாது. அருகே வரும்போது விண்கலத்தின் வேகம் வினாடிக்கு 2.5 கி.மீ.; நிலவின் விடுபடு வேகமே 2.4 கி.மீ. தான். தடை போடாவிட்டால் வளைந்து கடந்து போய்விடும். காற்று இல்லாத இடத்தில் தடை போட ஒரே வழி, எஞ்சினைப் பயணத் திசைக்கு எதிராகத் திருப்பி இயக்குவது. ஜூலை 19 அன்று அப்பல்லோ 11 நிலவின் மறுபக்கத்தில், பூமியோடு எந்த வானொலித் தொடர்பும் இல்லாத நேரத்தில், ஆறு நிமிடம் எஞ்சினை இயக்கி வேகத்தை 1.7 கி.மீ. ஆகக் குறைத்துச் சுற்றுப்பாதையில் அமர்ந்தது. எஞ்சின் வேலை செய்யாமல் போயிருந்தாலும் நிலவின் ஈர்ப்பு அவர்களைச் சுழற்றிப் பூமிக்கே திருப்பி அனுப்பும்படிதான் அந்தப் பாதை தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தது. 1970 ஏப்ரலில் ஆக்சிஜன் தொட்டி வெடித்துப் பழுதான அப்பல்லோ 13, அத்தகைய பாதைக்குத் தன்னைத் திருத்திக்கொண்டுதான் வீரர்களை உயிரோடு கொண்டுவந்து சேர்த்தது.

ராக்கெட் நிலவுக்குப் போவதில்லை என்ற தொனியில் தொடங்கினேன்; அதற்கு ஒரு விலக்கையும் சொல்லிவிடுகிறேன். சாட்டர்னின் மூன்றாம் அடுக்கு விண்கலத்தைப் பிரித்துவிட்ட பின்னும் அதே வேகத்தில் அதே பக்கம்தான் போய்க்கொண்டிருக்கும். அப்பல்லோ 11இல் அது நிலவைத் தாண்டிச் சூரியனைச் சுற்றும் பாதைக்குப் போய்விட்டது. அப்பல்லோ 13 முதல் அதை வேண்டுமென்றே நிலவின் மேல் மோதவிட்டு, முந்தைய பயணத்தில் அங்கே வைத்துவந்த நிலநடுக்கமானிகளால் அந்த அதிர்வைப் பதிவுசெய்து நிலவின் உள்ளமைப்பை ஆராய்ந்தார்கள்.

இனிச் சந்திரயான்-3. இந்தியாவின் எல்விஎம்3 ராக்கெட் 43.5 மீட்டர் உயரமும் 640 டன் எடையும் கொண்டது. எடையில் சாட்டர்னில் நான்கில் ஒரு பங்குக்கும் குறைவு. இரு பக்கமும் தலா 200 டன்னுக்கு மேல் திட எரிபொருள் நிரம்பிய எஸ்200 உந்திகள், நடுவில் இரண்டு விகாஸ் எஞ்சின்கள் கொண்ட திரவ அடுக்கு, அதன் மேல் ஹைட்ரஜனில் இயங்கும் சிஇ-20 கிரையோஜெனிக் எஞ்சின் என்பது அதன் அமைப்பு. விகாஸ் எஞ்சினும் சிஇ-20 எஞ்சினும் திருநெல்வேலி மாவட்டத்து மகேந்திரகிரியில் உள்ள இஸ்ரோ உந்துவிசை வளாகத்தில் இயக்கிச் சோதிக்கப்படுபவை. 2023 ஜூலை 14 பிற்பகல் 2.35 மணிக்கு ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து எழுந்த ராக்கெட், பதினாறு நிமிடத்தில் 3,900 கிலோ எடையுள்ள விண்கலத்தை வினாடிக்கு 10.2 கி.மீ. வேகத்தில் விடுவித்தது. அந்த வேகத்தில் கிடைத்தது, பூமிக்கு அருகில் 170 கி.மீட்டரும் தொலைவில் 36,500 கி.மீட்டரும் கொண்ட நீள்வட்டப் பாதை. நிலவை எட்ட வினாடிக்கு ஏறத்தாழ 0.7 கி.மீ. மட்டும் குறைந்தது. அந்தக் குறையை விண்கலமே தன் எரிபொருளைக் கொண்டு ஈடுசெய்ய வேண்டியிருந்தது.

அதை ஒரே மூச்சில் செய்திருக்கலாமே என்றால், விண்கலத்தின் எஞ்சின் இடம் தரவில்லை. அதன் உந்துவிசை 440 நியூட்டன். நம் ஊர்க்கணக்கில் சொன்னால் 45 கிலோ மூட்டையைத் தாங்கும் பலம். அந்தப் பலத்தை வைத்து 3,900 கிலோ எடைக்கு அவ்வளவு வேகத்தைக் கூட்ட ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் தொடர்ந்து எரிக்க வேண்டும். ஆனால் எரிபொருள் முழுப் பலன் தருவது, விண்கலம் பூமிக்கு மிக அருகில் மிக வேகமாகப் பாயும் அந்தச் சில நிமிடங்களில்தான். வேகமாக ஓடும் பொருளின் மேல் செலுத்தும் அதே உந்துதல், மெதுவாக நகரும் பொருளின் மேல் செலுத்துவதை விட அதிக ஆற்றலைச் சேர்க்கிறது. ஊஞ்சலை அது கீழ்ப்புள்ளியைக் கடக்கும் கணத்தில் தள்ளுவதற்கு இணையானது இது. ஒன்றரை மணி நேரம் எரித்தால் அதற்குள் விண்கலம் பல்லாயிரம் கி.மீ. மேலேறி வேகம் தளர்ந்திருக்கும், எரிபொருள் விரயமாகும். ஆகவே ஒவ்வொரு முறை பூமிக்கருகே வரும்போதும் சற்றுத் தள்ளி, ஜூலை 25 வரை ஐந்து தவணைகளில் பாதையின் தொலைமுனையை 1,27,000 கி.மீட்டருக்கு மேல் நீட்டினார்கள். ஆகஸ்ட் 1 நள்ளிரவு கடந்து கொடுத்த அடுத்த தள்ளலில் அது நிலவு வரை நீண்டது. ஆகஸ்ட் 5 அன்று நிலவின் பிடிக்குள் புகுந்தபோது, அப்பல்லோ ஆறு நிமிடத்தில் முடித்த தடையைச் சந்திரயான் ஏறத்தாழ அரை மணி நேரம் எரித்து, அதுவும் ஒரு பகுதியைத்தான் முடித்து, மீதியை அடுத்தடுத்த நாள்களில் படிப்படியாகச் செய்து வட்டப்பாதைக்கு வந்தது. ஆகஸ்ட் 23 மாலை 6.04 மணிக்கு லேண்டர் தரையிறங்கியது.

இதைச் சிலர் இந்திய ராக்கெட்டின் இயலாமை என்றும், வேறு சிலர் உலகில் யாருக்கும் தோன்றாத சிக்கன உத்தி என்றும் பேசுகிறார்கள். இரண்டும் மிகை. கைவசமிருக்கும் ராக்கெட்டால் இயன்ற அதிகபட்ச எடையை நிலவில் இறக்க வேண்டும் என்றால் நேரத்தைக் கொடுத்து எடையை வாங்கிக்கொள்வது இயல்பான பேரம். ஆளில்லாத கலத்துக்குப் பசியும் இல்லை, மூச்சும் இல்லை. அதே மாதம் 11ஆம் தேதி கிளம்பிய ரஷ்யாவின் லூனா-25, சந்திரயானில் பாதியை விடக் குறைந்த எடையோடு நேர்வழியில் சென்று ஐந்து நாளில் நிலவின் சுற்றுப்பாதையை அடைந்தது. பின்னர் 84 வினாடி எரிய வேண்டிய எஞ்சின் 127 வினாடி எரிந்துவிட்டதால், ஆகஸ்ட் 19 அன்று நிலவில் மோதி அழிந்தது. சீக்கிரம் போய்ச் சேர்வதற்கும் பத்திரமாக இறங்குவதற்கும் தொடர்பில்லை.

மனிதர்கள் ஏறும்போது கணக்கு முற்றிலும் மாறுகிறது. அவர்களை மூன்று வாரம் பூமியைச் சுற்றவிட்டால் அத்தனை நாளைக்கு உணவும் நீரும் ஆக்சிஜனும் வேண்டும். பூமியைச் சூழ்ந்த கதிர்வீச்சுப் பட்டைகளை மீண்டும் மீண்டும் கடக்கவும் நேரும். உடல் தாங்கும் முடுக்கத்துக்கும் ஓர் எல்லை உண்டு. எரிபொருள் தீரத்தீர ராக்கெட்டின் எடை குறைந்து முடுக்கம் ஏறிக்கொண்டே போவதால், சாட்டர்னின் முதல் அடுக்கில் ஐந்தில் நடு எஞ்சினை மற்ற நான்குக்கும் முன்பே அணைத்துவிடுவார்கள். சாட்டர்னின் உச்சியில் மெல்லிய ஊசி போலத் தெரிந்த கோபுரம், வீரர்கள் தப்பிப்பதற்கான ராக்கெட். கீழே ஏதேனும் வெடித்தால் வீரர்கள் இருக்கும் கூண்டை மட்டும் பிய்த்து இழுத்துக்கொண்டு போய்விடும். அதன் உந்துவிசை ஏறத்தாழ 65 டன். 1961இல் அமெரிக்காவின் முதல் விண்வெளி வீரரான ஆலன் ஷெப்பர்டை விண்வெளிக்கு ஏற்றிச்சென்ற ரெட்ஸ்டோன் ராக்கெட்டின் பலமே அதில் பாதிதான். நல்ல வேளையாக அப்பல்லோ வீரர் எவருக்கும் அது தேவைப்படவில்லை.

எல்லாவற்றுக்கும் மேலாக, மனிதர்கள் திரும்பி வர வேண்டும். நிலவிலிருந்து கிளம்ப ஆகும் எரிபொருளை நிலவில் இறக்க வேண்டும். அதை இறக்க ஆகும் எரிபொருளை அங்குவரை கொண்டுபோக வேண்டும். அதைக் கொண்டுபோக ஆகும் எரிபொருளைத் தரையிலிருந்து தூக்க வேண்டும். வட்டிக்கு வட்டி ஏறுவது போல இது ஏறும். முழு விண்கலத்தையும் நிலவில் இறக்கித் திரும்ப எழுப்பும் திட்டத்துக்குச் சாட்டர்னை விடப் பெரிய ராக்கெட் தேவைப்பட்டது. அப்போது நாசாவில் இருந்த ஜான் ஹூபோல்ட் என்ற பொறியாளர் வேறொன்றை விடாமல் வலியுறுத்தினார்: பூமிக்குத் திரும்பும் கூண்டையும் அதற்கான எரிபொருளையும் நிலவின் சுற்றுப்பாதையிலேயே விட்டுவிட்டு, ஒரு சிறிய கலத்தில் மட்டும் இறங்கி ஏறிவந்து மறுபடி இணைந்துகொள்ள வேண்டும். விண்வெளியில் இரண்டு கலங்கள் சந்திப்பது என்பதே அதுவரை யாரும் செய்திராத காரியம். அதையும் நிலவருகே, உதவிக்கு யாருமில்லாத இடத்தில் செய்வதா என்று பலரும் தயங்கினார்கள். மேலதிகாரிகளைத் தாண்டி அவர் கடிதம் எழுதவும் நேர்ந்தது. 1962இல் நாசா அந்த வழியையே ஏற்றது. சாட்டர்ன் 5 ஒன்றே போதுமானதாக ஆனது அந்த முடிவால்தான் என்பதால், நிலவுப் பயணத்தின் மிகப் பெரிய கண்டுபிடிப்பு எந்த எஞ்சினும் அன்று, இந்த யோசனைதான் என்று நான் கருதுகிறேன்.

அந்தச் சிறிய கலத்திலும் அதே கழற்றிவிடும் உத்திதான். அதன் மொத்த எடை ஏறத்தாழ 15 டன்; கீழ்ப்பாதி இறங்குவதற்கு மட்டும். அதன் எஞ்சினின் விசையைக் கூட்டவும் குறைக்கவும் முடிந்ததால்தான் ஆம்ஸ்ட்ராங்கால் பாறைகளைத் தாண்டி இடம் தேடி இறக்க முடிந்தது. திரும்பும்போது அந்தக் கீழ்ப்பாதியே ஏவுதளமாக நிலவில் நின்றுவிட, 5 டன்னுக்கும் குறைவான மேல்பாதி மட்டும் எழுந்து, ஏழு நிமிடத்தில் சுற்றுப்பாதையை அடைந்து, மூன்றாம் வீரர் மைக்கேல் காலின்ஸ் தனியே சுற்றிக்கொண்டிருந்த கலத்தோடு இணைந்தது. மேல்பாதியின் எஞ்சினுக்கு மாற்று எஞ்சின் கிடையாது. அதனால் பம்போ தீப்பொறியோ இல்லாமல், ஒன்றையொன்று தொட்டாலே தீப்பற்றும் இரண்டு திரவங்களைக் கொண்டு இயங்கும்படி அதை எளிமையாக வடிவமைத்தார்கள். அடைப்பைத் திறந்தால் எரிய வேண்டும், அவ்வளவுதான். பூமி திரும்பும் பயணத்துக்கு இரண்டரை நிமிட உந்துதல் போதுமாயிருந்தது, ஏனெனில் இந்த முறை பெரும்பாலான தூரம் பூமியை நோக்கிய வீழ்ச்சி. வினாடிக்கு 11 கி.மீ. வேகத்தில் வந்த கூண்டை நிறுத்த எரிபொருளே செலவிடவில்லை. வெப்பக் கவசமும் காற்றும் பாராசூட்டும் அதைச் செய்தன. ஜூலை 24 அன்று பசிபிக் கடலில் மிதந்த கூண்டின் எடை ஏறத்தாழ 5 டன். கிளம்பிய 2,900 டன்னில் திரும்பிவந்தது அது மட்டுமே.

ஹூபோல்ட் காட்டிய வழியின் நீட்சியில்தான் இந்தியாவும் இப்போது போகிறது. 2024 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த சந்திரயான்-4, நிலவின் மண்ணை எடுத்துவர வேண்டிய திட்டம். திரும்பிவரும் கலமும் அதன் எரிபொருளும் சேர்ந்தால் ஒரு எல்விஎம்3 தாங்காது. எனவே அதை இரண்டு பகுதியாகப் பிரித்து இரண்டு முறை ஏவி, விண்வெளியில் இணைத்து அனுப்பத் திட்டமிட்டிருக்கிறார்கள். அதற்கான முன்னோட்டமாக 2024 டிசம்பர் 30 அன்று ஏவப்பட்ட ஸ்பேடெக்ஸ் திட்டத்தின் இரண்டு சிறு செயற்கைக்கோள்கள் 2025 ஜனவரி 16 அன்று பூமியின் சுற்றுப்பாதையில் ஒன்றோடொன்று இணைந்தன.